சாட்ஸ்வொர்த் காய்கறி வண்டியும் பத்து ஹெட் போல்ட்களும்

வண்டியும் புகாரும்

டர்பனில் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறிக் கடை போடும் ஒரு பெரியவரின் வண்டி இது. நிசான் 1400 பக்கி, அதாவது பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள சிறு வண்டி, 1994 மாடல். விடியுமுன் கிளேர்வுட் மொத்தச் சந்தைக்குப் போய் வெங்காயம், உருளை, தக்காளி ஏற்றுவார். வெள்ளி, சனி என்றால் சரக்கு மார்க்கெட்டுக்கு. மற்ற நாட்களில் பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி, ஹில்க்ரெஸ்ட் பக்கத்து வாடிக்கைக் கடைகளுக்கு. கடல் மட்டத்தில் புறப்பட்டு ஹில்க்ரெஸ்ட் போய்ச் சேர்வதற்குள் 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அதுவும் பின்னால் மூட்டை மூட்டையாகப் பாரத்தோடு. ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க, அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே அழுத்தம் கசியாமல் அடைக்கும் தகட்டைச் சோதிக்க, இதைவிடக் கடுமையான பாதை எங்கள் பக்கத்தில் இல்லை.

பிரிட்டோரியா அருகே ரோஸ்லினில் 2008 வரை செய்த வண்டி. உள்ளே ஏ14 எஞ்சின்: 1397 சிசி, வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், டைமிங் செயின், புஷ் ராட், ராக்கர், கார்புரேட்டர். சென்சாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. இதனாலேயே, எப்படி இறுக்கினாலும் தாங்கும் எஞ்சின் என்று ஒரு பெயர் இதற்கு உண்டு. இந்தப் பெயர்தான் பல ஏ14 ஹெட்களைப் பாழாக்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரே வருஷத்தில் மூன்றாவது கேஸ்கெட் போய்விட்டது என்ற புகாரோடு வண்டி வந்தது. முதலாவது போனதில் புதிர் ஒன்றுமில்லை: ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, தண்ணீர் இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டியிருக்கிறார். அக்கம்பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஹெட்டைக் கழற்றி, பரப்பைச் சீவி, புதுக் கேஸ்கெட் போட்டார்கள். சில வாரத்தில் மறுபடி தண்ணீர் குறைந்தது. அதே பட்டறை, அதே வேலை, இன்னொரு கேஸ்கெட், இன்னொரு சீவல். அதுவும் நிற்கவில்லை.

“தம்பி, ஹெட்டு வெடிச்சிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ஸ்கிராப் யார்டுல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், வாங்கிடட்டுமா?” என்றார்.

“இருங்க மாமா, கழற்றிப் பார்த்துட்டுச் சொல்றேன். காசைப் பையிலேயே வெச்சிருங்க.”

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். முதல் தடவை ஹெட் வேலை செய்து வந்ததிலிருந்தே மேலே ‘டக் டக்’ என்று ஒரு சத்தம். டாப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்தால் இரண்டு நாள் அடங்கும், பிறகு வந்துவிடும். வயதான எஞ்சின், சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று அந்தப் பட்டறையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கழற்றுமுன் பார்த்தது

ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ததும் குமிழி. தண்ணீரில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று காட்டும் நீல நீரைக் கழுத்தில் வைத்ததும் மஞ்சளாக மாறியது. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்ததில் ஒன்றாம், நான்காம் சிலிண்டரில் 12 பார், இரண்டில் 7.5, மூன்றில் 7. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்தாற்போல் இறங்கினால் வால்வையோ ரிங்கையோ சந்தேகிப்பது வீண். இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது.

ராக்கர் மூடியைக் கழற்றி, ஐடிலில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஓர் ஏ14-இல் ராக்கர் ஷாஃப்ட் (வால்வுகளை அமுக்கித் திறக்கும் ராக்கர்கள் கோத்திருக்கும் தண்டு) முழுக்க ஆயில் நனைந்து மினுங்க வேண்டும். இதில் ஷாஃப்ட் ஏறக்குறைய உலர்ந்து கிடந்தது. ராக்கர்கள் உட்காரும் இடத்தில் கோடு விழுந்திருந்தது. ஆயில் பிரஷர் விளக்கு ஒழுங்காக அணைகிறது. கீழே பிரஷர் இருக்கிறது, மேலே ஆயில் வரவில்லை. வழியில் ஏதோ அடைத்திருக்கிறது.

இங்கேதான் இரண்டு புகாரும் ஒரே இடத்தைக் காட்டத் தொடங்கின. ஏ-வரிசை எஞ்சின்களில் பத்து ஹெட் போல்ட் உண்டு. அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட உடல் மெலிந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் நடுவில் இருக்கும் துளை அதன் இடம். இறுக்கும் வரிசையில் முதலாவது. அந்தத் துளை வழியாக, போல்ட்டைச் சுற்றியுள்ள இடைவெளியில்தான் ராக்கருக்கு ஆயில் ஏறுகிறது. தடித்த போல்ட்டை அங்கே போட்டால் இடைவெளி போய்விடும், ஆயிலும் போய்விடும். மரை ஒன்றுதான் என்பதால் எந்தப் போல்ட்டும் எந்தத் துளையிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தப்பு நடந்தால் கையில் தெரியாது, காதில்தான் தெரியும்.

இறுக்கத்தை அளந்த விதம்

பெரும்பாலான பட்டறைகளில் கேஸ்கெட் போன வண்டி வந்ததும் நீள பாரைப் போட்டுப் போல்ட்களை உடைத்துக் கழற்றிவிடுவார்கள். அத்தோடு சாட்சியும் போய்விடும். பழைய இறுக்கம் எவ்வளவு என்று அளக்க ஒரே ஒரு வாய்ப்புதான், அது கழற்றுமுன்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ஒவ்வொரு போல்ட் தலையிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு பெயின்ட் வைத்தேன். முறுக்கு விசையை முள்ளால் காட்டும் டார்க் ரெஞ்ச்சை வைத்து, இறுக்கும் பக்கமாகவே மெல்ல இழுத்து, கோடு விலகத் தொடங்கும் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்தேன். இது துல்லியமான அளவு அல்ல. பல நாள் அசையாத போல்ட் நகரத் தொடங்க இறுக்கியதைவிடக் கொஞ்சம் கூடுதல் விசை கேட்கும். ஆகவே முள் காட்டும் எண் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், குறைவாக இருக்காது. அப்படியிருந்தும் ஓரத்துப் போல்ட்கள் 50 முதல் 56 நியூட்டன் மீட்டருக்குள் அசைந்துவிட்டன. நடு இரண்டும் 40-ஐத் தொடுமுன்னே அசைந்தன.

இந்த எஞ்சினுக்குப் புத்தகம் சொல்லும் அளவு 51 முதல் 54 அடி-பவுண்டு. நியூட்டன் மீட்டரில் சொன்னால் 69 முதல் 73.

51 என்ற எண்ணை அந்த அளவுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. அந்தப் பட்டறையில் ஹெட் வேலை செய்த பையனைக் கூப்பிட்டு அனுப்பினேன். நல்ல பையன், கைவேலை தெரிந்தவன். தன் ரெஞ்ச்சையும் எடுத்துக்கொண்டே வந்தான்.

“எவ்வளவு வெச்சு இறுக்கினே தம்பி?”

“ஐம்பத்தொண்ணு, அங்கிள். புக்ல அப்பிடித்தான் இருக்கு.”

“ஐம்பத்தொண்ணு என்ன?”

பதில் வரவில்லை. அவனிடம் இருந்தது பழைய மேனுவலின் ஜெராக்ஸ் பக்கம். ஓரம் வெட்டுப்பட்டதில் அலகு எழுதிய பத்தியே காணோம். அவன் ரெஞ்ச்சில் நியூட்டன் மீட்டர் பெரிய எழுத்தில் முன்பக்கம், அடி-பவுண்டு பொடி எழுத்தில் பின்பக்கம். இந்த நாட்டில் மெட்ரிக் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, பையன்கள் அடி-பவுண்டு புழங்கியதே இல்லை. அவன் முன்பக்கத்தைப் பார்த்து வைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 51 நியூட்டன் மீட்டர் என்பது ஏறக்குறைய 38 அடி-பவுண்டு. கேட்டதில் கால் பங்குக்கு மேல் குறைச்சல்.

நடுப்போல்ட்கள் ஏன் இன்னும் தளர்ந்திருந்தன என்பதற்கும் அவனிடமே விடை இருந்தது. நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும் என்ற வரிசை அவனுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டையும் ஒரே மூச்சில் கடைசி அளவுக்கு இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கிறான். முதலில் நடுப்போல்ட்கள் முழு இறுக்கம் பெறுகின்றன. அந்த நேரம் கேஸ்கெட் இன்னும் தடிமனாக இருக்கிறது. பிறகு மற்ற எட்டும் இறுக, கேஸ்கெட் அமுங்கி மெலிகிறது. மெலிந்த அளவுக்கு, முதலில் இறுக்கிய போல்ட்களின் இழுவிசை கரைந்துவிடுகிறது. கட்டிலுக்குக் கயிறு கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: கடைசிக் கயிற்றை இழுத்து முடிக்கும்போது முதல் கயிறு தொளதொளத்திருக்கும். மூன்று சுற்றாக இறுக்கியிருந்தால் அடுத்தடுத்த சுற்றில் நடு மறுபடி சமப்பட்டிருக்கும்.

ஆக, கேஸ்கெட் இரண்டாம் மூன்றாம் சிலிண்டருக்கு நடுவில் போனது தற்செயல் இல்லை. பத்துப் போல்ட்டில் மிகத் தளர்ந்த இரண்டும் அங்கேதான் இருந்தன. அதில் ஒன்று இருக்க வேண்டிய மெலிந்த போல்ட்டும் அல்ல, தடித்தது. மெலிந்ததை முன்பக்க இடது மூலையில் கண்டெடுத்தேன்.

கணக்கு எப்படி

கால் பங்கு குறைந்தால் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்காகத் தோராயமாக ஒரு கணக்கு. ஏ14-இன் சிலிண்டர் விட்டம் 76 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 45 சதுர சென்டிமீட்டர். பாரம் ஏற்றி மேடு ஏறும்போது உள்ளே அழுத்தம் 50 பார் போகிறது என்று வைத்தால், ஹெட்டை மேலே தள்ளும் விசை ஒரு சிலிண்டருக்கு இரண்டேகால் டன். ஒவ்வொரு வெடிப்புக்கும் இந்த உதை விழும்.

கீழே பிடிப்பது போல்ட். எண்ணெயிடாத 10 மில்லி போல்ட் ஒன்றை 70 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் கிடைக்கும் பிடிப்பு சுமார் மூன்றரை டன். 40-க்கு இறுக்கினால் இரண்டு டன். நடுச் சிலிண்டர் ஒன்றைச் சுற்றி நான்கு போல்ட்கள். ஒவ்வொன்றையும் பக்கத்துச் சிலிண்டரோடு பங்கு போட்டுக்கொள்வதால் அதன் பங்கு இரண்டு. சரியான இறுக்கத்தில் ஏழு டன் பிடிப்பு, உதை போக நாலே முக்கால் டன் கேஸ்கெட்டை அமுக்க மிச்சம். தளர்ந்த இறுக்கத்தில் நாலு டன் பிடிப்பு, மிச்சம் ஒன்றே முக்கால். போல்ட் கால் பங்கோ பாதியோ குறைந்தால் கேஸ்கெட்டுக்குக் கிடைப்பதும் அதே விகிதத்தில் குறையும் என்று நினைப்பது தவறு. அது அதைவிட வேகமாகச் சரிகிறது. சமதரையில் மார்க்கெட்டுக்குப் போய் வரும்வரை ஒன்றும் தெரியாமல், ஃபீல்ட்ஸ் ஹில்லில் மட்டும் தண்ணீர் குறைந்ததன் காரணம் இதுதான்.

இதே கணக்கில் இன்னொரு பொறியும் உண்டு. ரெஞ்ச்சில் நாம் போடும் முறுக்கில் பாதி, போல்ட் தலைக்கு அடியில் உராய்வுக்கே போய்விடும். இன்னொரு நாற்பது சதவீதம் மரையில் உராய்ந்து போகும். போல்ட்டை நீட்டி ஹெட்டைப் பிடிப்பதற்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்குதான். ஆகவே மரையில் துருவோ பழைய கூலண்ட் கசடோ இருந்தால், ரெஞ்ச் சரியான எண்ணில் ‘க்ளிக்’ அடித்தும் பிடிப்பு இருக்காது. சொட்டச் சொட்ட எண்ணெய் ஊற்றினாலோ, அதே எண்ணில் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும்.

இந்த வண்டியில் நான்கு துளைகளின் அடியில் கூலண்ட் கசடு கல்லாக உறைந்திருந்தது. ஹெட்டைத் தூக்கும்போது கொட்டும் தண்ணீரை யாரும் துடைக்காமல் விட்டதன் விளைவு. அடி மூடிய துளையில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கியிருக்க, அதன்மேல் போல்ட்டை இறக்கினால் திரவம் போக வழியின்றி பிளாக்கையே விரிசல் விடச் செய்யும். இதில் அதுவரை போகவில்லை.

ஹெட் குற்றவாளியா?

இல்லை. ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டதில் அதிகபட்சம் 0.05 மில்லிமீட்டர், அனுமதி 0.1 வரை. பிளாக் மேற்பரப்பும் அப்படியே. என்ஜினீயரிங் ஷாப்பில் பிரஷர் வைத்துப் பார்த்ததில் விரிசல் எதுவும் இல்லை. ஸ்கிராப் யார்டு ஹெட்டுக்குத் தேவை எழவில்லை. நல்ல ஹெட்டை இரண்டாம் தடவை சீவியதுதான் நஷ்டம். ஒவ்வொரு சீவலும் கம்ப்ரஷனைக் கூட்டி, ஹெட்டின் மிச்ச ஆயுளைக் குறைக்கிறது. கேஸ்கெட் போனால் பரப்பை அளக்காமலே சீவ அனுப்பும் பழக்கம் எங்கள் ஊரில் வேரோடிப் போயிருக்கிறது. சீவுகிற கடைக்காரருக்குத்தான் அதில் ஆதாயம்.

பூட்டிய முறை

போல்ட்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஒன்றின் கழுத்து லேசாக ஒடுங்கியிருந்ததால் அதை மாற்றினேன். துளைகளுக்குப் புது மரை வெட்டும் டேப்பைப் போடவில்லை. அது இரும்பைத் தின்னும். பழைய போல்ட் ஒன்றின் மரையில் நீளவாக்கில் காடி வெட்டி, அதையே ஏற்றி இறக்கிக் கசடை வெளியேற்றினேன். பிறகு கம்ப்ரஸர் காற்று. அன்று லோட் ஷெடிங், கரண்ட் வரும்வரை வேலையை நிறுத்தி வைத்தேன். துளைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் மூடுவதைவிடக் காத்திருப்பது மேல். காற்று அடிக்கும்போது கண்ணாடி போடாமல் துளைக்கு மேல் குனியக் கூடாது.

அதற்குள் ரெஞ்ச்சைச் சோதித்தோம். பையனின் ரெஞ்ச்சை 70-இல் வைத்து, சதுர முனையை வைஸில் கடிக்கவிட்டு, கைப்பிடி தரைக்கு இணையாக நிற்க, முனையின் மையத்திலிருந்து 36 சென்டிமீட்டர் தள்ளி 20 கிலோ தொங்கவிட்டால் கணக்குப்படி 70.6 நியூட்டன் மீட்டர். பெரியவரின் காய்கறித் தராசிலேயே தண்ணீர்க் கேனை 20 கிலோவுக்கு நிறுத்துத் தொங்கவிட்டோம். ரெஞ்ச் ‘க்ளிக்’ என்றது. ஒரு லிட்டரைக் கொட்டிவிட்டு மறுபடி மாட்டியபோது சத்தமில்லை. ரெஞ்ச்சில் குறை இல்லை என்பது உறுதியானது. வேலை முடிந்ததும் அதைத் தாழ்ந்த அளவுக்குத் திருகிவைக்கச் சொன்னேன். இறுகிய நிலையிலேயே பெட்டியில் கிடந்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் சோர்ந்துவிடும்.

கேஸ்கெட்டின் இருபுறமும் சுத்தம், எந்தப் பசையும் பூசவில்லை. மரையிலும் தலைக்கு அடியிலும் எஞ்சின் ஆயில் விரல் நுனியளவு. மெலிந்த போல்ட் வலப்பக்க நடுத்துளைக்கு. பத்தையும் கையால் இறக்கி, நடுவில் தொடங்கிச் சுழன்று வெளியே போகும் வரிசையில் முதல் சுற்று 30, இரண்டாவது 50, மூன்றாவது 70 நியூட்டன் மீட்டர். கடைசிச் சுற்றில் ரெஞ்ச்சை வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். பாதியில் நிறுத்தித் தொடங்கினால் நின்ற உராய்வை உடைப்பதற்கே ‘க்ளிக்’ அடித்துவிடும். இழுத்தது பையன். நான் சுற்றுக்கு ஒரு நிறப் பெயின்ட் புள்ளி வைத்துக்கொண்டே போனேன்.

புஷ் ராட்கள் வந்த இடத்துக்கே போயின. கோடு விழுந்த ராக்கர் ஷாஃப்ட்டை மாற்றிவிட்டேன். எஞ்சினைச் சூடேற்றியபோது ராக்கர் மேல் ஆயில் வழிந்ததைப் பெரியவரே குனிந்து பார்த்தார். இரவு முழுக்க ஆறவிட்டு மறுநாள் இரண்டாம் இறுக்கம். அலுமினியம் சூட்டில் இரும்புப் போல்ட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. முதல் சூட்டில் கேஸ்கெட் இன்னும் கொஞ்சம் நசுங்கும், ஆறியதும் பிடிப்பு குறைந்திருக்கும். ஒவ்வொரு போல்ட்டாக, அதே வரிசையில், சற்றே தளர்த்தி மறுபடி 70-க்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு டாப்பெட் இடைவெளி, சூட்டில் 0.35 மில்லிமீட்டர், ஹெட் இறங்கிய பிறகு பழைய இடைவெளியை நம்ப முடியாது.

இந்த இரண்டாம் இறுக்கம் எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்பதைப் பையனிடம் அழுத்திச் சொன்னேன். டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலை இருப்பதால் இங்கே பட்டறைக்கு வருவதில் பெரும்பகுதி டொயோட்டாதான். கொரோலாவின் 4ஏ-எஃப்இ எஞ்சினுக்கு 29 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி. அதற்கு மேல் தொடக் கூடாது. அங்கே போல்ட்டை வேண்டுமென்றே நீட்டுகிறார்கள், கோணம்தான் அளவு. அந்தப் பழக்கத்தில் ஏ14 போல்ட்டைக் கோணத்தில் திருகினாலும் கெடும், ஏ14 பழக்கத்தில் கொரோலாவை ஆறவிட்டு மறுபடி இறுக்கினாலும் கெடும். எந்த எஞ்சின், எந்தக் கேஸ்கெட் என்று பார்த்து, பாக்கெட்டில் வரும் தாளைப் படித்துவிட்டுத்தான் ரெஞ்ச்சை எடுக்க வேண்டும்.

பிறகு

கம்ப்ரஷன் நான்கிலும் 12-ஐ ஒட்டி வந்தது. சில வாரம் ஹில்க்ரெஸ்ட் சரக்கு ஏற்றிப் போய்வந்த பிறகு நீல நீர் நீலமாகவே நின்றது, ‘டக் டக்’ சத்தமும் இல்லை. பையன் தன் ரெஞ்ச்சின் பெட்டி மூடிக்குள் மாற்றுக் கணக்கு எழுதி ஒட்டியிருக்கிறான்: அடி-பவுண்டை 1.356 ஆல் பெருக்கு. முழு மேனுவலும் வாங்கிவிட்டான்.

ரேடியேட்டர் மட்டும் பாக்கி. மேல் பாதி சூடாகவும் கீழ் மூலை குளிர்ந்தும் இருக்கிறது, அதாவது சில குழாய்கள் அடைத்திருக்கின்றன. கோர் மாற்றச் சொன்னேன். தைப்பூசம் கழியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். அதுவரை ஃபீல்ட்ஸ் ஹில்லுக்கு அரைப் பாரம் மட்டும் என்று பேசி முடிவாகியிருக்கிறது.